சார்ஜர் வேலை செய்யவில்லையா? சுவரிலிருந்து தேடுங்கள்

மளிகை வணிகத்தில் மின்சார வண்டிகள் நன்றாகவே புழங்கத் தொடங்கிவிட்டன. வீடுகளுக்குச் சாமான் கொடுத்தனுப்ப ஸ்கூட்டர், லைன் கடைகளுக்குச் சரக்குப் போட மூன்று சக்கர லோடு ஆட்டோ, வசதியுள்ள மொத்த வணிகர் வீட்டில் கார் என்று வந்திருக்கின்றன. டீசல் வண்டிக்குத் தீனி பங்கில் இருந்தது. மின்சார வண்டிக்கு அது நம் வீட்டுச் சுவரில் இருக்கிறது. இரவு கடை கட்டியதும் செருகிவிட்டுப் படுத்தால் விடியற்காலை வண்டி தயார். செருகியது வேலை செய்யாமல் போனால் அன்றைய லைன் போயிற்று.

அப்படிப் போகும் நாளில் வணிகர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். சிலர் உடனே புது சார்ஜர் வாங்கிவிடுகிறார்கள். சிலர் தெருவில் கிடைக்கும் ஆளைக் கூப்பிட்டு, "எப்படியாவது ஓட வைத்துக் கொடு தம்பி" என்கிறார்கள். முதலாவதில் பணம் நஷ்டம். இரண்டாவதில் உயிர் நஷ்டம் ஆகலாம். பழுது எந்த இடத்தில் இருக்கிறது என்று தேடிப் பார்ப்பதை இரு சாராரும் விட்டுவிடுகிறார்கள். அதைப் பற்றியதே இந்தப் பாடம்.

நாம் மின்சாரம் படித்தவர் அல்ல. பள்ளிப் படிப்போடு மண்டியில் உட்கார்ந்தவர். ஆனால் நம் குடோனிலும் உறவுக்காரர் கடைகளிலுமாக ஆறேழு சார்ஜர் பழுதுகளை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனோடு கூட நின்று பார்த்திருக்கிறோம். அவற்றில் சார்ஜரே கெட்டுப்போனது ஒன்றே ஒன்று. மற்றவை எல்லாம் சாக்கெட், எர்த், வயர், எலி!

எது சார்ஜர், எது இல்லை

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். காருக்காக வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் பெட்டியை எல்லோரும் சார்ஜர் என்கிறோம். உண்மையில் சார்ஜர் காருக்குள் இருக்கிறது. சுவரில் இருப்பது குடோன் வாசலில் உட்கார்ந்திருக்கும் கணக்குப்பிள்ளையைப் போன்றது. சீட்டைப் பார்க்காமல் கதவைத் திறக்காது. பெட்டியிலிருந்து காருக்கு ஒரு மெல்லிய கம்பி வழியாக 12 வோல்ட் சைகை போகிறது. துப்பாக்கி போன்ற கைப்பிடியைக் காரில் செருகியதும் அது 9 வோல்ட்டாக இறங்கும். கார் தயாரானதும் 6 வோல்ட்டுக்கு இறங்கும். அதற்குப் பிறகுதான் பெட்டிக்குள் இருக்கும் ரிலே சேர்ந்து 230 வோல்ட் போகும். ஆகவே கைப்பிடி சரியாக உட்காராவிட்டாலும், பின்னில் அழுக்கு இருந்தாலும், எர்த் இல்லாவிட்டாலும் பெட்டி கதவைத் திறக்காமல் சிவப்பு விளக்கைக் காட்டி நிற்கும். அது பழுது அன்று. தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது என்று அர்த்தம்.

ஸ்கூட்டருக்கும் சில லோடு ஆட்டோக்களுக்கும் கையில் எடுத்துச் செல்லும் பெட்டியே சார்ஜர். வீட்டு மின்சாரத்தை மின்கலத்துக்கு ஏற்றபடி மாற்றுவது அதுதான்.

இவை இழுக்கும் மின்சாரத்தையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. ஸ்கூட்டர் சார்ஜர் 3, 4 ஆம்பியர் இழுக்கும். லோடு ஆட்டோ ஏறக்குறைய 10 ஆம்பியர். சாதாரண பவர் பிளக்கில் செருகும் 3.3 கிலோவாட் கார் சார்ஜர் 14 ஆம்பியருக்கு மேல். சுவரில் மாட்டும் 7.2 கிலோவாட் பெட்டி 31 ஆம்பியர். மிக்சி 5 நிமிடம் ஓடும், இஸ்திரிப் பெட்டி அரை மணி ஓடும். வண்டி சார்ஜர் மணிக்கணக்கில் விடாமல் இழுக்கும். பத்து வருடம் ஒரு குறையும் சொல்லாத பவர் பிளக் வண்டி வந்த மூன்றாம் மாதம் கருகுவதற்கு இதுவே காரணம்.

முதல் சந்தேகம் சாக்கெட் மேல்

சார்ஜரில் விளக்கு எரியவில்லை, அல்லது எரிந்து எரிந்து அணைகிறது என்றால் உடனே அதைக் கழற்றிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்கு ஓடக் கூடாது. அதே சாக்கெட்டில் இஸ்திரிப் பெட்டியை முழுச் சூட்டில் 10 நிமிடம் போட்டுப் பாருங்கள். செல்போன் சார்ஜரைச் செருகிப் பார்ப்பது சோதனை ஆகாது. அது இழுப்பது மிகச் சொற்பம், தளர்ந்த சாக்கெட்டிலும் ஓடும். இஸ்திரிப் பெட்டி 4 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதில் விட்டு விட்டு வந்தாலோ, சடசட என்று சத்தம் கேட்டாலோ, கருகல் வாடை வந்தாலோ குற்றவாளி சாக்கெட்தான்.

தளர்ந்த இணைப்பு ஏன் இத்தனை ஆபத்து என்பதற்கு நம்மவர்களுக்குப் புரியும்படி ஒரு கணக்கு. மின்தடை கால் ஓம் மட்டுமே என்று வைத்துக்கொள்வோம். 14 ஆம்பியர் போகும்போது அங்கே உண்டாகும் சூடு, 14ஐ 14ஆல் பெருக்கி அதில் கால் பங்கு, அதாவது 49 வாட். ரேடியோ ரிப்பேர்க்காரர் ஈயம் உருக்கும் பற்றுக்கோல் 25 வாட்தான். அதைப்போல இரண்டு பற்றுக்கோல்களை ஒரு பிளாஸ்டிக் சாக்கெட்டுக்குள் சொருகி நான்கு மணி நேரம் விட்டு வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். கரண்டு பில்லில் இது ஐந்தில் ஒரு யூனிட்கூட வராது. அதனால் யார் கண்ணிலும் படாது.

எலக்ட்ரீஷியன் மீட்டர் வைத்துப் பார்க்கும்போது சும்மா இருக்கையில் 230 வோல்ட் என்று காட்டினால் போதாது. சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போதும் பார்க்கச் சொல்லுங்கள். 10 ஆம்பியர் ஓடும்போது 230 என்பது 210 ஆகிவிட்டால், அந்த 20 வோல்ட் வழியில் எங்கோ எரிகிறது. 20ஐ 10ஆல் பெருக்கினால் 200 வாட். மெல்லிய வயரிலா, சுவிட்சிலா, மெயின் போர்டு திருகிலா என்று தேடிப் பிடித்தே ஆக வேண்டும்.

சார்ஜ் போட்டு அரை மணி கழித்து சுவிட்சை அணைத்து, பிளக்கை உருவி, அதன் உடம்பைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம். கை வைக்க முடியாத சூடு இருக்கக் கூடாது. பின் பழுப்பாக நிறம் மாறியிருந்தால் சாக்கெட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை, பிளக்கையும் மாற்ற வேண்டும். கருகிய பின் புதுச் சாக்கெட்டையும் கெடுத்துவிடும். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள 16 ஆம்பியர் சாக்கெட், மெயின் போர்டிலிருந்து தனி வயர், தனி எம்.சி.பி. இவ்வளவும் வேண்டும். 16 ஆம்பியர் வரை 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் வழக்கம். தூரம் அதிகமானால் 4. சுவர்ப் பெட்டிக்கு 6. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் வண்டி சார்ஜ் போடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். அதை அடியோடு விட்டுவிட வேண்டும்.

நம் உறவினர் ஒருவர் வீட்டில் சார்ஜர் நின்றபோது, வந்த சர்வீஸ் ஆள் திறந்தே பார்க்காமல் முழுப் பெட்டியையும் மாற்ற வேண்டும் என்று ஐந்து இலக்கத்தில் தொகை எழுதிக் கொடுத்துவிட்டார். இரண்டாவது அபிப்பிராயம் கேட்டதில், மெயின் போர்டில் நியூட்ரல் திருகு இறுகாமல் இருந்தது தெரிந்தது. திருகு இறுக்கிய கூலியோடு வேலை முடிந்தது. சரக்கு வாங்கும்போது இரண்டு இடத்தில் விலை கேட்கும் நாம், இங்கே மட்டும் முதல் ஆள் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறோம்.

எர்த்: இங்கேதான் உயிர் இருக்கிறது

பழைய கடைவீதிக் கட்டடங்களில் மூன்றாவது துளை சாக்கெட்டில் இருக்கும், அதற்குப் பின்னால் எர்த் வயர் இருக்காது. இருந்தாலும் குழியில் அறுந்து போயிருக்கும். பழைய சாமான்கள் இதைக் கண்டுகொள்ளாமல் ஓடின. வண்டி சார்ஜர் கண்டுகொள்ளும். எர்த் கிடைக்காவிட்டால் பல சார்ஜர்கள் வேலை செய்ய மறுக்கின்றன.

அப்போது வரும் கைவைத்தியம் ஒன்று உண்டு. சாக்கெட்டுக்குள்ளே நியூட்ரல் வயரையும் எர்த் முனையையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிடுவார்கள். சார்ஜர் ஏமாந்து பச்சை விளக்குக் காட்டும். ஆர்.சி.சி.பி. இருந்தால் இந்தக் குறுக்கு வேலையை ஒப்புக்கொள்ளாமல் தட்டிவிடும். எனவே அதையும் எடுத்துவிடுவார்கள். வண்டி ஓடும், வேலை செய்தவருக்கு நூறு ரூபாயும் கிடைக்கும்.

பிறகு என்றோ ஒரு நாள் அந்த நியூட்ரல் வயர் மெயின் போர்டுப் பக்கம் விட்டுப்போகும். நியூட்ரல் விட்டுப்போவது நம் ஊரில் அபூர்வமா? அந்த நிமிடமே பேஸில் வந்த கரண்டு சார்ஜருக்குள் நுழைந்து, நியூட்ரல் முனையில் வெளியே வந்து, இந்தத் துண்டு வயர் வழியாக எர்த்துக்குள் புகுந்து, வண்டியின் இரும்பு உடம்பு முழுவதும் 230 வோல்ட்டாக நிற்கும். வண்டிக்கு ரப்பர் சக்கரம் இருப்பதால் அது தரையில் இறங்கவும் வழியில்லை. காலையில் ஈரத் தரையில் வெறுங்காலோடு வந்து வண்டியைத் தொடும் பையன்தான் அதற்கு வழி ஆவான். எர்த் பின்னை முறித்துச் செருகுவதும் இதற்கு அண்ணன் தம்பிதான். இதைச் செய்து தருகிறேன் என்கிற ஆளைக் கடை வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டும்.

முறையான வழி எர்த் குழி போடுவது. இரும்புக் குழாய், சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கடுக்காக. கல்லுப்பு நம் கடையிலேயே மூட்டையாகக் கிடக்கிறது, கரிக்கு மட்டும் அலைந்தால் போதும். எலக்ட்ரீஷியனிடம் எர்த் டெஸ்டர் கருவியால் அளக்கச் சொல்லுங்கள். 5 ஓமுக்குள் இருப்பது நல்லது. சாதாரண மீட்டரில் பேஸுக்கும் எர்த்துக்கும் 230 காட்டுகிறதே என்று திருப்திப்படக் கூடாது. மோசமான எர்த்திலும் அந்த மீட்டர் அப்படித்தான் காட்டும். கோடையில் குழி காய்ந்துவிடும். பங்குனி, சித்திரையில் சார்ஜர் அடிக்கடி நின்று, இரண்டு குடம் தண்ணீர் ஊற்றியதும் ஓடுகிறது என்றால் பழுது எங்கே என்று சொல்ல வேண்டியதில்லை.

தட்டிக்கொண்டே இருந்தால்

மெயின் போர்டில் இரண்டு விதக் காவலர்கள் இருக்கிறார்கள். எம்.சி.பி. அளவுக்கு மீறிய கரண்டைத் தடுப்பது. ஆர்.சி.சி.பி. கசியும் கரண்டைத் தடுப்பது. வீட்டுக்குப் போடுவது 30 மில்லி ஆம்பியரில் தட்டும். மனித உயிரைக் காப்பது இரண்டாவதுதான். எது தட்டுகிறது என்று பார்த்தாலே பாதிப் பழுது தெரிந்துவிடும்.

எம்.சி.பி. செருகிய உடனே தட்டினால் எங்கோ ஷார்ட். அரை மணி, ஒரு மணி ஓடிவிட்டுத் தட்டினால் சூடு. ஒன்று சுமை கூடுதல், அல்லது எம்.சி.பி.யின் திருகே தளர்ந்து சூடாகிறது. இந்த இடத்தில் 16 ஆம்பியரைக் கழற்றி 32 போட்டுத் தருவார்கள். அதன் பிறகு தட்டாது, வாஸ்தவம். சுவருக்குள் இருக்கும் வயர் எரியும் வரை தட்டாது. வயரை மாற்றாமல் எம்.சி.பி.யைப் பெரிதாக்கக் கூடாது.

ஆர்.சி.சி.பி. மழை நாளில் மட்டும் தட்டினால் ஈரம். கைப்பிடியை வெறும் தரையில் போட்டு வைத்திருக்கிறீர்களா, சுவர் ஓதம் இறங்குகிறதா என்று பாருங்கள். சார்ஜரை உருவிய பிறகும் தட்டினால் சார்ஜர் மேல் குற்றமில்லை, வயரிங்கில் கசிவு. வண்டியைச் செருகி சார்ஜ் தொடங்கும் கணத்தில் மட்டும் தட்டினால்தான் சார்ஜர், கேபிள், வண்டி ஆகியவற்றின் மேல் சந்தேகம் வரும். வேறு இடத்தில் நல்ல சாக்கெட்டில் போட்டுப் பார்த்து உறுதி செய்யலாம். கார் பெட்டிக்குப் பழைய ஏ.சி. வகை ஆர்.சி.சி.பி. போதாது. பெட்டியோடு வரும் புத்தகத்தில் ஏ வகையா பி வகையா என்று குறித்திருப்பார்கள், அதையே வாங்க வேண்டும். ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று ஒரு பொத்தான் உண்டு. மாதம் ஒரு முறை அதை அமுக்கினால் தட்ட வேண்டும். தட்டாவிட்டால் அது இருந்தும் இல்லாததுதான்.

நம் தொழிலுக்கே உரிய பழுதுகள்

இனிச் சொல்வது சார்ஜர் புத்தகத்தில் இருக்காது. மளிகைக் குடோனில் எலி உண்டு. எண்ணெய்ப் பிசுக்கும் மாவுத் தூசியும் பட்ட கேபிளை அது சும்மா விடாது. கேபிளை மூட்டைகளுக்கு இடையே தரையில் ஓட விடாமல் ஆள் உயரத்தில் கொக்கி அடித்துச் சுருட்டி மாட்டுங்கள். கடித்த கேபிளுக்கு டேப் சுற்றுவது உதவாது. முழுதாக மாற்ற வேண்டும்.

உப்பு மூட்டைக்கு அருகே சார்ஜர் வைத்தால் பித்தளைப் பின்களில் பச்சைக் களிம்பு ஏறும். மிளகாய்த் தூள், மாவு, தவிடு புழங்கும் இடத்தில் சார்ஜரின் காற்றாடி அடைத்துக்கொண்டு, சூடு தாங்காமல் பாதியில் நிற்கும். கரண்டிலிருந்து உருவிவிட்டு உலர்ந்த பிரஷ்ஷால் வெளியே துடைக்கலாம். ஈரத் துணி, பெட்ரோல், தேங்காயெண்ணெய் எதுவும் வேண்டாம். தகரக் கொட்டகைக்குக் கீழே மதிய வெயிலில் சார்ஜ் போட்டு, மெதுவாக ஏறுகிறது என்று குறை சொல்வோரும் உண்டு. சூடு கண்டால் பல சார்ஜர்கள் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். சாயங்காலம் வரை பொறுத்தால் சரியாகும்.

ஒருவர் சார்ஜரை இன்னொருவர் இரவல் வாங்குவதும் நம்மிடையே உள்ள பழக்கம். பெட்டி மேல் 48 வோல்ட் என்று இருந்தால் எல்லாம் ஒன்று என்று நினைக்கிறோம். ஆனால் ஒரு வகை லித்தியம் மின்கலம் முழுதாக நிரம்பும்போது 54.6 வோல்ட்டில் நிற்க வேண்டும். இன்னொரு வகை 58.4 வோல்ட்டில். அதன் சார்ஜரை இதில் போட்டால் நிரம்பிய சாக்கில் மேலும் கொட்டுவது போல. சாக்கு கிழிந்தால் கூட்டி அள்ளலாம். மின்கலம் தீப்பிடித்தால் ஒன்றும் மிஞ்சாது.

எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்

சார்ஜர் பெட்டியைத் திறக்கக் கூடாது. கரண்டிலிருந்து உருவிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும். திறந்தால் வாரண்டியும் போய்விடும். தெருவில் எல்லா வீட்டு விளக்கும் திடீரென்று பளீரென எரிந்தால், டிரான்ஸ்பார்மர் பக்கம் நியூட்ரல் போய் 400 வோல்ட் வரை ஏறலாம் என்று பொருள். உடனே மெயினை அணைக்க வேண்டும். நாம் கண்ட கெட்டுப்போன அந்த ஒரே சார்ஜர் இப்படித்தான் போனது.

கம்பெனிக்கு அனுப்புமுன் விளக்கு எந்த நிறத்தில் எத்தனை முறை சிமிட்டுகிறது என்பதைச் செல்போனில் படம் பிடித்து வையுங்கள். அணைத்துவிட்டால் அந்தச் சாட்சி போய்விடும். பில், வாரண்டி அட்டை, பெட்டியின் வரிசை எண் மூன்றையும் ஒரே உறையில் வைப்பது நல்லது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்று எதிர்த்தரப்பு வாதிடும். ஆனால் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் அதற்காகவே வாங்கியதாக இருந்தால் அவரும் நுகர்வோரே என்று அதே சட்டம் சொல்கிறது. சிறு கடைக்காரர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

வண்டி நிற்கும் இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022 மார்ச்சில் வேலூரில் ஒரு வீட்டில் இரவு மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றியதில் தந்தையும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். கீழே கடை, மேலே வீடு என்று குடியிருக்கும் நம்மவர்கள் பலர், திருட்டுப் பயத்தால் வண்டியை உள்ளே ஏற்றி, வெளியேறும் ஒரே நடையில் நிறுத்தி, அங்கேயே சார்ஜ் போடுகிறார்கள். பக்கத்தில் எண்ணெய் டின், தீப்பெட்டி பண்டல், கற்பூரம், காலிச் சாக்கு. வண்டியை வெளியே கூரைக்குக் கீழே கம்பிக் கதவு போட்டு நிறுத்துங்கள். முடியாவிட்டால் குடும்பம் வெளியேற வேறு வழி இருக்கும் பக்கமாவது வையுங்கள்.

பழுது பார்த்து வந்த சார்ஜரை முதல் தடவை இரவில் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும் பகலில், ஆள் பக்கத்தில் இருக்கும்போது போடுங்கள். அரை மணியிலும் ஒரு மணியிலும் பிளக்கின் சூட்டைப் பாருங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு நிரம்பியது, மீட்டரில் எத்தனை யூனிட் ஓடியது என்பதை வண்டிக் கணக்கு நோட்டில் எழுதி, எலக்ட்ரீஷியன் பெயரையும் தேதியையும் அதன் பக்கத்தில் குறித்து வையுங்கள்.